பேரை மாத்திப் போட்டா உடையணும்

டிஸ்கி 1: நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

டிஸ்கி 2: நான் இசைக் கல்லூரி வாசல்ல ஒதுங்கினவன்கூட இல்லை. இன்ஜினியரிங் முடிச்சிட்டு ஏழு வருஷமா ஜாவா எழுதிப் பொழைக்கிறவன். அதனால 'உனக்கு என்ன தெரியும்'னு ஆரம்பிக்கிறவங்க, அந்தக் கேள்விக்குப் பதில் கீழே மூணாவது குற்றச்சாட்டுல இருக்கு, நேரா அங்கே போயிடலாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாரும் பார்த்திருப்பீங்க. மேலே ரெண்டு கண்ணு, ரெண்டு சொட்டு கண்ணீர். நடுவுல போட்டோ. கீழே வருந்துவோர் பட்டியல், சில சமயம் செத்தவர் பேரைவிடப் பெரிய எழுத்துல. அச்சகத்துக்காரர் கம்ப்யூட்டர்ல அந்த டிசைன் எப்பவும் ரெடியா இருக்கும். போட்டோ, பேர், தேதி மூணையும் மாத்தினா அரை மணி நேரத்துல சுவத்துல ஒட்டிடலாம். அதுல எனக்கு எந்தப் புகாரும் இல்லை. போஸ்டரோட வேலை சேதி சொல்றது, அதைச் செய்யுது. நான் சண்டைக்குப் போறது, செத்துப்போன சிநேகிதனுக்கான இசையையும் இதே மாதிரி அடிச்சுடலாம்னு நினைக்கிறவங்ககிட்ட.

என் கட்சி ஒரே வரிதான். ஒருத்தன் நினைவா செய்யற இசையில அவன் பேரை எடுத்துட்டு இன்னொருத்தன் பேரைப் போட்டா, அது உடையணும். உடையலைன்னா அது அவனுக்குச் செஞ்சது இல்லை.

எதுக்கு இவ்வளவு சூடுன்னு கேப்பீங்க. சொல்றேன்.

நானும் அவனும் கோயமுத்தூர்ல ஒரே ஹாஸ்டல். அவன் கோபிச்செட்டிபாளையம். காலேஜ் பேண்டுல பேஸ் கிடார் வாசிப்பான். ராஜா பாட்டு எதைப் போட்டாலும், மத்தவங்க எல்லாம் பல்லவி பாடுவாங்க, இவன் மட்டும் பேஸ் லைனை வாயாலேயே 'டும் டும்'னு பாடிட்டிருப்பான். அந்த ரகம். ரெண்டு பேருமே வேலைக்கு ஜெர்மனி வந்தோம், டுஸ்ஸல்டார்ஃப். வந்த மறு வருஷமே பக்கத்து ஊர் வுப்பர்டால்ல ஒரு வாத்தியக் கடையில மாசம் 45 யூரோ வாடகைக்கு ஒரு டபுள் பேஸ் எடுத்துட்டு வந்தான். ஆளைவிட உசரம். அதை ரயில்ல கொண்டு வந்த கதையே தனிப் பதிவு. ஞாயித்துக்கிழமைல எனக்கும் கத்துக்குடுத்தான். அங்கே ஒரு அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவுல கடைசி வரிசையில நின்னு வாசிச்சான். 2024 அக்டோபர்ல ரத்தப் புற்றுநோய்ல செத்துப்போனான். வயசு 28.

அந்த வாடகை ஒப்பந்தத்தை என் பேருக்கு மாத்திக்கிட்டேன். பதினோரு மாசம் உட்கார்ந்து, அந்த வாத்தியம் ஒண்ணுக்கு மட்டும், பக்கத்துல பியானோ கியானோ எதுவும் இல்லாம, ஆறு நிமிஷத்துக்கு ஒண்ணு எழுதினேன். 2025 அக்டோபர்ல முதல் வருஷ நினைவுக்கு காலேஜ் குரூப் மொத்தமும் வீடியோவுல கூடினப்போ வாசிச்சேன். எனக்கு முன்னாடி குரூப் சார்பா ஒரு பாட்டு போட்டாங்க. 'நட்பு, பிரிவு, மெலடி, ஆண் குரல்'னு டைப் பண்ணி, அவன் பேரையும் குடுத்து, ஏஐ செயலி ஒண்ணு நாப்பது விநாடியில துப்பின பாட்டு. சரணத்துல அவன் பேர் ரெண்டு தடவை வருது. ஹார்ட்டின் மழை பொழிஞ்சுது. என்னுதுக்குக் குற்றப்பத்திரிகை வந்துச்சு. அதுக்குத்தான் இந்தப் பதில்.

குற்றச்சாட்டு 1: "சோகமே இல்லையே மச்சி?"

நம்மாளுங்களுக்கு சோகம்னா ஷெனாய். சினிமா அப்படிப் பழக்கி விட்டிருக்கு. ஹாஸ்பிட்டல் கதவு திறக்கும், டாக்டர் கண்ணாடியைக் கழட்டுவார், ஷெனாய் எடுக்கும். ஷெனாய் வரலைன்னா நாம அழக் கூடாதுன்னு நினைச்சுக்கிறோம் போல.

டபுள் பேஸ் உலகத்துல பெரிய பேர், ஜொவான்னி பொட்டெஸினி. இத்தாலிக்காரர், 19ஆம் நூற்றாண்டு. இவர் பேஸ் எடுத்த கதை நமக்கு ரொம்பப் பழக்கமான கதை. 1835ல மிலான் இசைப் பள்ளியில உதவித்தொகையோட சேரப் போறார், மிச்சமிருந்தது ரெண்டே ரெண்டு இடம்: ஒண்ணு பஸூன், இன்னொண்ணு டபுள் பேஸ். கடைசி ரவுண்டு கவுன்சிலிங்ல போய் நிக்கிற நிலைமை. சில வாரத்துல பேஸ் கத்துக்கிட்டு சேர்ந்துட்டார். பின்னால வெர்டியோட 'ஐடா' ஓபெரா 1871ல கெய்ரோவுல முதல் தடவை அரங்கேறினப்போ அதை நடத்தினவரும் இவர்தான். அவர் டபுள் பேஸுக்கும் பியானோவுக்கும் எழுதின ஒரு 'எலிஜி' இருக்கு. எலிஜின்னா இரங்கற்பா. இன்னைக்கும் உலகம் முழுக்க பேஸ் மாணவர்கள் வாசிக்கிறாங்க. அது என்ன ஸ்கேல் தெரியுமா? டி மேஜர். நம்ம கணக்குல சொன்னா சங்கராபரண சுரங்கள்.

இரங்கற்பாவை மேஜர்ல எழுதினவருக்கு சோகம் தெரியாதுன்னு சொல்லுங்க பார்ப்போம். துக்கம் ஒரு ஸ்கேல்ல உட்கார்ந்திருக்கிற விஷயம் இல்லை. என் சிநேகிதன் சாகற வரைக்கும் மனுஷனைச் சிரிக்க வச்சவன். கீமோ வார்டுல நர்சுங்களுக்கு 'வாங்க, போங்க' கத்துக்குடுத்தவன். அவனுக்கு ஆறு நிமிஷம் அழுகாச்சி வாசிச்சா, அது அவனைப் பத்தி இல்லை, என்னைப் பத்தி.

குற்றச்சாட்டு 2: "போன்ல ஒண்ணுமே கேக்கல."

இது நியாயமான புகார். ஆனா தீர்ப்பு தப்பு. கொஞ்சம் இயற்பியல் பொறுத்துக்கோங்க.

டபுள் பேஸோட அடிக் கம்பி ஈ. அதோட அதிர்வு 41 ஹெர்ட்ஸ் சொச்சம். அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. உங்க போன்ல இருக்கிற ஸ்பீக்கர் கட்டைவிரல் நகம் அளவு. இத்தனை கீழே அதால காத்தை அசைக்கவே முடியாது. அப்ப அந்த சுரம் மொத்தமா தொலைஞ்சு போகணும் இல்லையா? போகாது. ஒரு கம்பியை இழுத்தா 41 மட்டும் வர்றதில்லை, 82, 123, 165ன்னு அதோட மடங்குகளும் சேர்ந்து வரும். மேல இருக்கிற மடங்குகள் மட்டும் காதுக்குக் கிடைச்சாலும், 'இது 41ஓட குடும்பம்'னு கண்டுபிடிச்சு, அங்கே இல்லாத அந்த அடி சுரத்தை மூளை தானே போட்டுக்கும். சின்ன ரேடியோவுல ஆம்பளைக் குரல் ஆம்பளைக் குரலாவே கேக்குறதுக்கு இதுதான் காரணம். செத்தவனுக்காகச் செஞ்ச இசைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் வேணும்னா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.

இன்னொண்ணு. வீடியோ மீட்டிங் மென்பொருள்ல சத்தம் குறைக்கிற வசதின்னு ஒண்ணு ஓடிட்டே இருக்கும். மனுஷப் பேச்சு மாதிரி இல்லாத எதையும் ஃபேன் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும். நீளமா வில் போட்டு இழுக்கிற பேஸ் சுரம் அதுக்கு ஏசி சத்தம். என் பக்கம் அதை அணைச்சுட்டுத்தான் வாசிச்சேன், அப்படியும் உங்க போன் அளவுக்குத்தான் வரும். அதனாலதான் அப்புறம் தனியா ரெக்கார்டிங் அனுப்பினேன். அதை ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு, அப்பவும் பிடிக்கலைன்னா சொல்லுங்க. தலைவணங்கிக் கேட்டுக்குவேன்.

குற்றச்சாட்டு 3: "பேஸ் பக்கவாத்தியம்தானே? நீயும் கம்போசர் இல்லையே?"

குரூப்ல இருக்கிற சீனியர் அண்ணன் ஒருத்தர் அன்பாத்தான் சொன்னார். "தம்பி, முயற்சி நல்லா இருக்கு. ஆனா பேஸ் தனியா வாசிக்கிற ஐட்டம் இல்லப்பா. தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து ரெண்டு வயலின், ஒரு புல்லாங்குழல் சேர்த்திருக்கலாம்ல?"

அண்ணே, முதல் பாதிக்குப் பதில். பாரே ஃபிலிப்ஸ்னு ஒரு அமெரிக்க பேஸ்காரர், 2024 டிசம்பர்ல காலமானார். 1968ல லண்டன்ல ஒரு சர்ச்சுக்குள்ள தனியா உட்கார்ந்து மனசுல வந்ததை எல்லாம் வாசிச்சுப் பதிவு பண்ணினார். எதுக்கு? எலக்ட்ரானிக் இசை செய்யற ஒருத்தருக்கு மூலப்பொருளாக் குடுக்கத்தான். வெட்டி ஒட்டிக்கோன்னு. அவர் கேட்டுட்டு, இதுல நான் செய்ய எதுவும் இல்லை, அப்படியே வெளியிடுன்னுட்டார். அதுதான் 'ஜர்னல் வயலோன்'. தனி டபுள் பேஸ் மட்டுமே ஒலிக்கிற முதல் இசைத்தட்டுன்னு பொதுவா அதைத்தான் சொல்றாங்க. 'கூட ஏதாவது சேர்க்கணும்'னு நெனச்சுப் பதிவு பண்ணினதே தனியா நின்னுடுச்சு. அம்பத்தேழு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன விவாதம் அண்ணே இது.

ரெண்டாவது பாதிக்கு, என் சிநேகிதன் பேஸ் வாடகைக்கு எடுத்த அதே வுப்பர்டால். கம்பியில தொங்கிக்கிட்டு ஆத்துக்கு மேல ரயில் போகுமே, அந்த ஊர். அந்த ஊர்க்காரர் பீட்டர் கோவால்ட், பேஸ்காரர். 1994ல ஒரு வருஷத்துக்கு வெளியூர்க் கச்சேரி எதுக்கும் போறதில்லைன்னு முடிவு பண்ணி, உள்ளூர்லயே இருந்து, தன் இடத்துக்கே ஆளுங்களை வரவழைச்சு வாசிச்சவர். அந்த இடத்தை இன்னைக்கும் 'ஓர்ட்'டுன்னு நடத்துறாங்க. ஓர்ட்டுன்னா ஜெர்மன்ல 'இடம்', அவ்வளவுதான். எங்களுக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி இருந்த மாதிரி அடிக்கடி போவோம். கோவால்ட் 2002 செப்டம்பர்ல நியூயார்க்ல இறந்தார். 2003ல கனடாவுல விக்டோரியாவில்னு ஒரு ஊர் (வேற்றுமை உருபு இல்லீங்க, ஊர் பேரே அதுதான்), அங்க நடந்த இசை விழாவுல அவர் நினைவா ஒரு கச்சேரி. மேடையில யார்? பாரே ஃபிலிப்ஸ், பிரான்ஸோட ஜோயெல் லியாண்ட்ர், நியூயார்க்கோட வில்லியம் பார்க்கர், ஜப்பானோட டெட்சு சைட்டோ. நாலு பேர், நாலு டபுள் பேஸ், வேற வாத்தியமே கிடையாது. 'ரெண்டு வயலின் சேர்த்திருக்கலாம்'னு அவங்ககிட்ட யாரும் சொல்லலை. செத்தவர் கையில என்ன இருந்ததோ, அதையே எடுத்துட்டு வந்து நின்னாங்க.

அவங்க மேதைங்க, நான் ஞாயித்துக்கிழமை கேஸ். ஒத்துக்கிறேன். ஆனா அண்ணே, கல்யாணத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்கலாம். பாடை தூக்க ஆள் வைப்பீங்களா? தோள் வலிச்சாலும் நாமதானே தூக்கணும்.

குற்றச்சாட்டு 4: "வார்த்தையே இல்லாத இசை எப்படி ஒருத்தனைப் பத்தினதாகும்? உன் சோதனையில உன்னோடதே ஃபெயில்!"

இதுதான் உருப்படியான கேள்வி. கேட்டவனுக்கு ஒரு ஷொட்டு.

சார்லஸ் மிங்கஸை எடுத்துக்கோங்க. இவரும் பேஸ்காரர். லெஸ்டர் யங்னு ஒரு சாக்ஸபோன் கலைஞர், மிங்கஸ் பெரிசா மதிச்சவர், 1959 மார்ச்சுல 49 வயசுல செத்துப்போறார். மே மாசமே மிங்கஸ் அவருக்கான அஞ்சலியைப் பதிவு பண்ணிட்டார். தலைப்பு 'குட்பை போர்க் பை ஹேட்'. போர்க் பை ஹேட்னா மேல தட்டையா இருக்கிற ஒரு வகைத் தொப்பி, லெஸ்டர் எப்பவும் போட்டிருந்தது. 'மாமேதைக்கு அஞ்சலி' இல்லை. தொப்பிக்கு டாட்டா. அடுத்தது கவனிங்க: மிங்கஸ் பேஸ்காரர், நெனச்சிருந்தா தன் வாத்தியத்தை முன்னாடி நிறுத்தியிருக்கலாம். மெட்டை சாக்ஸபோனுக்குக் குடுத்துட்டு பின்னாடி நின்னார். ஏன்னா செத்தவர் வாசிச்சது சாக்ஸபோன். அந்தத் தலைப்பையும் அந்த வாத்தியத்தையும் மாத்தி, ஒரு பியானோக்காரர் நினைவுக்குன்னு சொல்லிப் பாருங்க. பிசிறடிக்கும். வார்த்தை இல்லாம சோதனையில பாஸ் பண்றது இப்படித்தான்.

மிங்கஸ் 1979ல மெக்ஸிகோவுல செத்தப்போ, அவர் ஆசைப்படி அஸ்தியைக் கொண்டுவந்து நம்ம கங்கையில கரைச்சாங்கங்கிறது உபரித் தகவல்.

நம்ம ஊர்லயும் இது தெரியாத சங்கதி இல்லையே. புறநானூத்துல அவ்வையார் அதியமானுக்காகப் புலம்புறப்போ, அவன் கள்ளையும் சோத்தையும் எப்படிப் பங்கு போட்டான்னு எண்ணி எண்ணிச் சொல்றார். எங்க அப்பத்தா ஒப்பாரி வச்சா, செத்தவர் வெட்டின கிணறு, ஏமாந்து வாங்கின எருமை எல்லாம் வரும். பக்கத்து வீட்டு எழவுக்கு அதே பாட்டைப் பாட முடியாது, அவங்க எருமையே வாங்கலையே.

இப்ப என்னோடது. ஆறு நிமிஷத்துல என்ன இருக்குன்னு பட்டியல் போடுறேன்.

முதல் ஒண்ணரை நிமிஷம் அவன் சுருதி சேர்க்கிற முறை. பேஸ்ல பக்கத்து ரெண்டு கம்பியில குறிப்பிட்ட இடத்துல விரலை லேசாத் தொட்டா ரெண்டும் ஒரே உசர சுரம் குடுக்கும். ரெண்டும் ஒட்டலைன்னா 'வ்வா வ்வா'ன்னு அலையடிக்கும். அலை நின்னா சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். அவன் எப்பவும் ஏ-டி ஜோடியைக் கொஞ்சம் அலைய விட்டுட்டு, மத்ததை முடிச்சிட்டு, கடைசியா வந்து அதைச் சேர்ப்பான். ஏன்டான்னா சொல்ல மாட்டான். நான் அதே வரிசையில எழுதி வச்சிருக்கேன்.

அப்புறம் விரலால மீட்டுற பகுதி, அதுக்கு நடுவுல ஒன்பது பார் மௌனம். முப்பத்தாறு விநாடி. ஆர்க்கெஸ்ட்ராவுல பேஸ்காரனுக்குப் பாதி வேலை சும்மா நின்னு எண்றதுதான். அவன் தொடையில விரலைத் தட்டித் தமிழ்ல எண்ணுவான், பக்கத்துல நின்ன ஜெர்மன்காரர் 'ஏழு' வரைக்கும் கத்துக்கிட்டார். இந்த இடத்துலதான் குரூப்ல மூணு பேர் 'நெட் போச்சா?'ன்னு மெசேஜ் போட்டது :-)) நெட் போகலை சாமிகளா. அவன் எண்ணிட்டிருந்தான்.

மூணாவது பகுதிதான் முக்கியம். அந்த வாடகை பேஸ்ல ஒரு வியாதி இருக்கு. டி கம்பியில ஜி ஷார்ப் சுரத்தை வில் போட்டு இழுத்தா கம்பி திக்கும். நம்ம வயலின், செல்லோ ஆளுங்க இதை ஓநாய்னு சொல்லுவாங்க. மரப்பெட்டி தனக்குன்னு இயல்பா அதிர்ற ஒரு அளவு இருக்கும். கம்பியோட சுரம் சரியா அந்த அளவுக்குப் பக்கத்துல வந்தா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டும். பெட்டி கம்பிகிட்ட இருந்து சக்தியைப் பிடுங்கும், திருப்பிக் குடுக்கும், பிடுங்கும். சுரம் 'தட தட தட'ன்னு உடைஞ்சு வரும். குதிரைக்கு அந்தப் பக்கம் கம்பியில ஒரு சின்னப் பித்தளைக் குழாயை மாட்டினா அடங்கும். எல்லா வாத்தியாரும் 'அந்த சுரத்தைத் தவிர், இல்லைன்னா குழாயை மாட்டு'ன்னுதான் சொல்லுவாங்க.

இவன் குழாயைக் கழட்டி வச்சிருந்தான். அவங்கப்பா கோபியில குட்டியானை ஓட்டுறவர். காலைல குளிர்ல அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற சத்தமும் இதுவும் ஒண்ணாம். அந்த சுரத்துக்கு 'அப்பா வண்டி'ன்னே பேர் வச்சிருந்தான். நான் எழுதினதுல கடைசி ரெண்டு நிமிஷம், வேற எந்த சுரத்துலயோ ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி, அரை சுரம் அரை சுரமா நகர்ந்து, அப்பா வண்டியில போய் நிக்கும். ஸ்டார்ட் ஆகும். அவ்வளவுதான் கதை. நோட்டு மேல முதல் வரியா 'குழாயைக் கழட்டவும்'னு எழுதியிருக்கேன்.

இதை வேற பேஸ்ல வாசிச்சா ஓநாய் வேற சுரத்துல இருக்கும், இல்லாமலேகூட இருக்கும். இசை உடையும். வேற ஆள் பேரைப் போட்டாலும் உடையும். அதான் வேணும்.

குற்றச்சாட்டு 5: "அவங்கம்மா அந்தப் பாட்டுக்குத்தானே அழுதாங்க?"

இதைச் சொன்னவுடனே என் வாயை அடைச்சுட்டதா குரூப்ல ஒருத்தனுக்கு நெனப்பு. சரி, பேசிடலாம்.

ஆமா, அம்மா அழுதாங்க. அவன் பேர் ஒரு நல்ல குரல்ல வந்துச்சு, அழுதாங்க. கொடியில அவன் சட்டை கிடந்தாலும் அழுவாங்க. பெத்தவங்க அழறதை வச்சு மார்க் போடாதீங்க, அது ரொம்ப மலிவான அளவுகோல். பாட்டு முடிஞ்சதும் அவங்க கேட்டது ஞாபகம் இருக்கா, இல்லை எல்லாரும் வசதியா மறந்தாச்சா? "ஏங்கண்ணு, இந்தப் பாட்டு பாடுன தம்பி யாரு? நம்பர் இருந்தா குடுங்க, ஒரு வார்த்தை பேசணும்"னாங்க. நாப்பத்திரண்டு பேர் இருந்த மீட்டிங்ல ஒருத்தன் மைக்கும் திறக்கலை. என்னன்னு சொல்றது? அப்படி ஒரு தம்பி இல்லீங்கம்மான்னா?

துக்கத்துக்கு வந்தவங்க யாருன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியணும். நம்ம ஊர்ல எழவு வீட்டுல யார் வந்தாங்க, யார் மாலை போட்டாங்கன்னு எழுதி வைப்பாங்க. பதிலுக்கு இவங்க போய் நிக்கணும்ல, அதுக்கு. அந்தம்மா தேடினது அதைத்தான். உங்க பாட்டுல பதிலுக்குப் போய் நிக்க ஒரு வாசல் இல்லை.

நான் வாசிச்சு முடிச்சப்போ அம்மா அழலை. "கடைசியில தடதடன்னுச்சே, அது அவங்கப்பா வண்டிதானே? போன்ல பேசறப்ப அதையே போட்டுப் போட்டுக் காட்டுவான், நிறுத்துடா காது வலிக்குதும்பேன்"னாங்க. பின்னாடி இருந்து அப்பா எட்டிப் பார்த்து, "எந்த வண்டி?"ன்னார். இதுக்கு மேல நான் இதைப் பத்தி எழுதப் போறதில்லை.

குற்றச்சாட்டு 6: "ஒரு வருஷம் ஆச்சு. இன்னுமா?"

ஜிம்மி பிளாண்டன்னு ஒரு பையன். 1939ல டியூக் எலிங்டன் குழுவுல பேஸ் வாசிக்கச் சேர்ந்தான். அதுவரைக்கும் பின்னாடி நின்னு 'டும் டும்' போட்டுட்டிருந்த பேஸை, மெட்டு பேசுற வாத்தியமா மாத்திக் காட்டினான். எலிங்டன் அவனோட தனியா, பியானோவும் பேஸும் மட்டும் வச்சே ரெக்கார்டு பண்ணினார். 1942ல காசநோய்ல செத்துட்டான். 23 வயசு. எலிங்டன் அதுக்கப்புறம் எத்தனையோ பேஸ்காரர்களோட, எத்தனையோ நாட்டுல வாசிச்சார். 1972ல, முழுசா முப்பது வருஷம் கழிச்சு, 73 வயசுல, ரே பிரவுன்கிற பேஸ்காரரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, மறுபடியும் பியானோவும் பேஸும் மட்டுமே வச்சு ஒரு ஆல்பம் பண்ணினார். பேர் 'திஸ் ஒன்ஸ் ஃபார் பிளாண்டன்'. ரெண்டு வருஷத்துல எலிங்டனும் போயிட்டார்.

முப்பது வருஷம். அவருக்கு யாரும் 'மூவ் ஆன்' சொல்லலை, சொல்லியிருந்தாலும் காதுல வாங்கியிருக்க மாட்டார். நான் ஒரு வருஷக் கணக்குதான் வச்சிருக்கேன்.

கடைசியா, தொழில்காரனா ஒரு வார்த்தை

'நீ ஒரு ஐடி ஆளா இருந்துட்டு ஏஐயைத் திட்டலாமா'ன்னு ஒரு குத்தல். நான் ஏஐயைத் திட்டலை. ஆபீஸ்ல தினமும் அதை வச்சுத்தான் டெஸ்ட் கேஸ் எழுதறேன். கஷ்டப்பட்டுச் செஞ்சாத்தான் உசத்திங்கிற ஆளும் நான் இல்லை. ஒரே வேலையை மூணு தடவை கையால செஞ்சா நாலாவது தடவைக்கு ஸ்கிரிப்ட் எழுதுறவன். ஆனா ஒண்ணு தெரியும். நாம எதை ஆட்டோமேட் பண்றோம்? சீக்கிரம் முடிஞ்சு கண்ணுல படாம ஒழியணும்னு நினைக்கிற வேலையை. டைம்ஷீட், பில்டு, பேக்கப். அந்தப் பட்டியல்ல ஒரு சிநேகிதனோட சாவையும் சேர்த்தாச்சா, இல்லையாங்கிறதுதான் என் கேள்வி. நாப்பது விநாடியில முடிஞ்சுது, ஹார்ட் போட்டாச்சு, அடுத்த மெசேஜ் யாரோ வீட்டு கிரகப்பிரவேசம். பதினோரு மாசம் நான் என்ன செஞ்சேன்னா, வாரா வாரம் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அவனோட இருந்தேன். 'ஏன்டா ஏ-டி ஜோடியைக் கடைசியா விடுவே'ன்னு யோசிச்சிட்டிருந்தேன். இசை அதோட மிச்சம்.

நீங்களும் டபுள் பேஸ் தூக்கணும்னு சொல்லலை. முதுகு போயிடும். ஒரு சமையல் குறிப்பு எழுதுங்க, அவன் உப்பு அதிகமாப் போடுற அளவோட. ஒரு மேப் வரைங்க, அவன் வழக்கமா வழி தப்புற முனையோட. எதுவா இருந்தாலும் செஞ்சு முடிச்சதும், அவன் பேரை அழிச்சிட்டு, உங்களுக்குத் தெரிஞ்ச இன்னொருத்தன் பேரை அங்க எழுதிப் பாருங்க. பொருந்துதுன்னா, கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி உட்காருங்க.

பி.கு. 1: நோட்டு வேணுங்கிறவங்க கேளுங்க, அனுப்புறேன். உங்க பேஸ்ல ஓநாய் எந்த சுரத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சு வச்சுக்கோங்க. அதுக்கேத்த மாதிரி மாத்தித் தரமாட்டேன் :-)

பி.கு. 2: சீனியர் அண்ணன் நேத்து ஹெட்ஃபோன்ல கேட்டாராம். "இப்ப கேக்குதுப்பா, ஆனா அந்த மௌனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்"னார். குறைக்க முடியாதுண்ணே. ஒன்பது வரைக்கும் எண்ணணும்.